பாரிட்டி செக்கில் பிழையா? 'கரெக்ட்' டிக்கில் கை வைப்பதற்கு முன்

வீட்டு பேக்கப் எல்லாம் வைத்திருக்கும் பல டிஸ்க் பெட்டியில், மாதம் ஒருமுறை ஓடும் பாரிட்டி செக் (டிஸ்க்குகளின் கணக்கு பொருந்துகிறதா என்று பார்ப்பது) ராத்திரி முழுக்க ஓடி முடிந்திருக்கிறது. காலையில் போனை எடுத்தால் "214 பிழைகள்" என்று ஒரு அறிவிப்பு. இதைப் பார்த்ததும் பலர் செய்வது இதுதான்: பக்கத்தைத் திறந்து, பிழைகளைத் திருத்தச் சொல்லும் டிக்கைப் போட்டு, இன்னொரு தடவை செக்கை ஓட விடுவார்கள். இன்னும் சிலர் பெட்டியை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். நான் ஒரே நாளில் இரண்டையும் செய்தவன். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு, பதிலுக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது அன்ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடும் பெட்டி. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, 8 டிபி பாரிட்டி டிஸ்க் ஒன்று, டேட்டாவுக்கு 8 டிபி ஒன்று, 4 டிபி இரண்டு என்று கோத்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற நாலு போன், இரண்டு லேப்டாப் எல்லாவற்றின் பேக்கப்பும், அக்கா கல்யாண வீடியோவும், அப்பா ஸ்கேன் செய்து வைத்த வீட்டுப் பத்திரங்களும் அதில்தான் இருக்கின்றன. அதனால் பட்டன் பெயர்களெல்லாம் அன்ரெய்டில் இருப்பதுபோல வரும். யோசிக்கும் முறை மற்ற பெட்டிகளுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான், கடைசியில் அதைப்பற்றி ரெண்டு வார்த்தை சொல்கிறேன்.

பாரிட்டி என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

முதலில் இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். எல்லா டேட்டா டிஸ்க்குகளிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நாலு டிஸ்க்கில் 1, 0, 1, 1 என்று இருந்தால் மொத்தம் மூன்று ஒன்றுகள், ஒற்றைப்படை. அதை இரட்டைப்படை ஆக்குவதற்காக பாரிட்டி டிஸ்க் அந்த இடத்தில் ஒரு 1 எழுதி வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் பாரிட்டி. ஒரு டிஸ்க் செத்துப்போனால், மற்ற எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இரட்டைப்படை ஆவதற்கு என்ன குறைகிறதோ அதுதான் போன டிஸ்க்கில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பாரிட்டி செக் என்றால் அந்தக் கூட்டலை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி போட்டுப் பார்ப்பது. இடிக்கிற இடத்தைப் பிழை என்று எண்ணிக்கொள்ளும். மளிகைக் கடை நோட்டில் கூட்டுத்தொகை தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பு என்று கூட்டுத்தொகை சொல்லாது இல்லையா, அதே கதை. முதல் டிஸ்க் பொய் சொன்னதா, மூன்றாவதா, பாரிட்டி டிஸ்க்கே தப்பாக எழுதி வைத்திருக்கிறதா, இல்லை எல்லாரும் சரியாகச் சொல்லி நடுவில் கணக்குப் போட்ட ரேம்தான் உளறியதா என்று பாரிட்டிக்குத் தெரியாது.

திருத்தும் டிக்கோடு செக் ஓட்டினால் அன்ரெய்டு என்ன செய்யும் என்றால், டேட்டா டிஸ்க் எல்லாம் சரி, பாரிட்டிதான் தப்பு என்று எடுத்துக்கொண்டு பாரிட்டியை மாற்றி எழுதிவிடும். டேட்டா டிஸ்க்கைத் தொடாது, அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் உண்மையில் பாரிட்டி சரியாக இருந்து, ரேம் உளறியிருந்தால்? சரியான பாரிட்டியை நீங்களே அழித்துத் தப்பானதை எழுதியாயிற்று. நாளைக்கு ஒரு டிஸ்க் போகும்போதுதான் அதன் விலை தெரியும், மீட்டெடுத்த டிஸ்க்கில் அந்த இடங்களில் எல்லாம் குப்பை இருக்கும், எந்த ஃபைலில் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அன்ரெய்டின் சிஸ்லாக் (பெட்டியில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் பதிவு) ரேமில்தான் இருக்கிறது, பெட்டியை அணைத்தால் அதுவும் போய்விடும். எந்தெந்த செக்டரில் (டிஸ்க்கின் சின்னத் துண்டில்) கணக்கு இடித்தது என்பது அந்த லாக்கில் மட்டும்தான் உண்டு. டூல்ஸ் பக்கத்தில் டயக்னாஸ்டிக்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் லாக், எல்லா டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது), எல்லாம் சேர்த்து ஒரு ஜிப் ஃபைல் இறங்கும். அதை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் தேதி போட்டு வையுங்கள். நான் இதைச் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்ததால்தான் முதல் தடவை இடித்தவை எந்த இடங்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அடுத்து, பேக்கப் வேலைகளை நிறுத்துங்கள். போன்களிலிருந்து படம் ஏறுவது, லேப்டாப்பின் ராத்திரி பேக்கப், கேஷிலிருந்து (புது ஃபைல்கள் முதலில் வந்து இறங்கும் இடம்) டிஸ்க்குக்கு மாற்றும் 'மூவர்' என்ற வேலை, எல்லாம். இது முக்கியம், ஏனென்றால் கோளாறு ரேமில் இருந்தால் இப்போது எழுதப்படும் ஒவ்வொரு ஃபைலும் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது, அதிலும் பழைய பதிப்பை அழித்துப் புதியதை எழுதும் பேக்கப் என்றால் நல்லதன் மேல் கெட்டதை நாமே எழுதுகிறோம்.

பத்திரம், குழந்தை போட்டோ மாதிரி திரும்பக் கிடைக்காத விஷயங்களுக்கு வெளியே இன்னொரு பிரதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதன் மேலேயே எழுதாமல் தனி ஃபோல்டரில் எடுங்கள். பாரிட்டி பேக்கப் கிடையாது. நீங்கள் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் பாரிட்டியும் அந்த நொடியே அதற்கேற்ப மாறிவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் "எனக்குத்தான் ரெய்டு (ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும்படி பல டிஸ்க்கைக் கோப்பது) இருக்கே" என்பவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான்.

இது எந்த வகைப் பிழை?

மெயின் பக்கத்தில் டிஸ்க் வரிசைக்கு நேராக எரர்ஸ் என்று ஒரு எண் இருக்கும். அது வேறு, பாரிட்டி செக் முடிவில் வரும் சின்க் எரர் எண் வேறு. முதலாவது, அந்த டிஸ்க்கே "என்னால் இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை" என்று கை தூக்கியது. அப்படி வந்தால் அன்ரெய்டு மற்ற டிஸ்க்குகளையும் பாரிட்டியையும் வைத்து அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கணக்குப் போட்டு, அதே டிஸ்க்கில் திருப்பி எழுதிப் பார்க்கும். அந்த எழுத்தும் தோற்றால்தான் டிஸ்க்குக்குச் சிவப்பு எக்ஸ் விழும். இதில் யார் குற்றவாளி என்ற கேள்வியே இல்லை, டிஸ்க் எண் கண்ணெதிரே இருக்கிறது, அது டிஸ்க்கா கேபிளா என்பது மட்டும்தான் பாக்கி.

இரண்டாவது வகைதான் தலைவலி. எல்லா டிஸ்க்கும் சமர்த்தாகப் பதில் சொல்லியிருக்கின்றன, எரர்ஸ் வரிசையில் எல்லாம் பூஜ்யம், ஆனால் கூட்டல் இடிக்கிறது. இந்தக் கட்டுரை அதைப்பற்றித்தான்.

எண்ணைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அன்ரெய்டு ஒரு பிழை என்று எண்ணுவது 4 கேபி துண்டு. 214 பிழை என்றால் மொத்தமே 856 கேபி. அதே சமயம் லட்சக்கணக்கில் வந்தால் அது பெரும்பாலும் ரேம் கோளாறு மாதிரி இருக்காது, யாரோ ஒரு டிஸ்க்கில் பாரிட்டிக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கும் வருகிறேன்.

கரண்ட் போனதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, ஏனென்றால் பதில் ஆம் என்றால் பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். டேட்டா டிஸ்க்கில் எழுதிப் பாரிட்டியில் எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். அப்படி அணைந்து எழுந்த பெட்டி தானாகவே ஒரு செக்கை ஆரம்பிக்கும், அதில் நாலைந்து முதல் சில நூறு பிழைகள் வரை வரலாம். அது இயல்பு. பாரிட்டி பழசாக நிற்கிறது, டேட்டா சரி. இந்த ஒரு சூழ்நிலையில் திருத்தச் சொல்வதுதான் சரியான மருந்து, திருத்திய பிறகு ஓட்டும் அடுத்த செக் பூஜ்யம் காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். யுபிஎஸ் இருந்து யுஎஸ்பி கேபிள் பெட்டிக்குப் போகாமல் இருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கேபிள் இல்லையென்றால் கரண்ட் போனதே பெட்டிக்குத் தெரியாது, பேட்டரி தீரும் வரை ஓடிவிட்டுப் பொத்தென்று விழும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பினாலும் இதே கதைதான், சில இன்வெர்ட்டர்கள் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும், டிவி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. மெயின் பக்கத்தில் அப்டைம் பாருங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கிறது.

இரண்டு தடவை ஓட்டி ஒப்பிடுவது

கரண்ட் போகவில்லை, பெட்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றால் அடுத்த வேலை இது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரைட் கரெக்‌ஷன்ஸ் டு பாரிட்டி என்று இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு ஒரு செக் ஓட்டுங்கள். முடிந்ததும் டயக்னாஸ்டிக்ஸ் எடுத்து வையுங்கள். பெட்டியை அணைக்காமல், எதையும் மாற்றாமல், டிக் இல்லாமலேயே இன்னொரு தடவை ஓட்டுங்கள். இரண்டு லாக்கிலும் 'பி இன்கரெக்ட்' என்று வரும் வரிகளில் உள்ள செக்டர் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் அதே எண்கள் என்றால், டிஸ்க்குகளில் உண்மையிலேயே பொருந்தாத எழுத்து இருக்கிறது, இப்போது படிக்கும் பாதையில் கோளாறு இல்லை. எண்கள் மாறி மாறி வந்தால் டிஸ்க்கில் எழுதியிருப்பது பிரச்சினை இல்லை, படிக்கும் வழியில் யாரோ ஒவ்வொரு தடவையும் புதுப்பொய் சொல்கிறார்கள். ரேம், டிஸ்க்குகளைப் போர்டோடு இணைக்கும் கன்ட்ரோலர் கார்டு, பவர், அபூர்வமாக ஒரு டிஸ்க்.

8 டிபி பாரிட்டி என்றால் ஒரு செக் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் போகும், இரண்டு தடவை என்றால் ஒன்றரை நாள். ஒரு சின்னக் குறுக்கு வழி உண்டு. லாக்கில் முதல் நூறு செக்டரைத்தான் எழுதும், அதற்கு மேல் எழுதுவதை நிறுத்திவிடும். அதனால் இரண்டாவது தடவை, முதல் பட்டியலின் கடைசி எண்ணைத் தாண்டிவிட்டால் மீதி ஓட்டுவதில் ஒப்பிட ஒன்றும் இல்லை, நிறுத்திவிடலாம்.

எனக்கு என்ன ஆனது என்றால், திருத்தும் டிக்கோடு ஓட்டிய முதல் தடவை 214. அடுத்து டிக் இல்லாமல் ஓட்டியதில் 231. திருத்திய பிறகு எப்படி ஏறும்? இன்னொரு தடவை ஓட்டினேன், 226. பட்டியலை ஒப்பிட்டால் பாதிக்கு மேல் அதே எண்கள், மீதி முற்றிலும் வேறு. இது என்னடா ரெண்டும்கெட்டான் என்று ஒரு நாள் முழுக்க மண்டை காய்ந்தது. அப்புறம்தான் புரிந்தது: மாறாமல் வருபவை, முதல் தடவை நான் 'திருத்தி' நாசமாக்கிய இடங்கள். மாறி வருபவை, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கோளாறு புதிதாக உண்டாக்குபவை.

செக்டர் எண்ணே ஒரு துப்பு

இதைப் பலர் பார்ப்பதில்லை. லாக்கில் வரும் செக்டர் ஒவ்வொன்றும் 512 பைட். 4 டிபி டிஸ்க்கில் மொத்தம் 7,81,40,37,168 செக்டர்கள், 8 டிபியில் 15,62,80,53,168. பிழை வந்த எண் 920 கோடி என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 4.7 டிபி இடத்தில். என் 4 டிபி டிஸ்க்குகள் இரண்டும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன, அங்கே அவற்றுக்குப் பங்கே இல்லை. மிச்சம் 8 டிபி டேட்டா டிஸ்க்கும் பாரிட்டியும் மட்டும். டேட்டா டிஸ்க் எல்லாம் 4 டிபியாக இருந்து பாரிட்டி மட்டும் 8 ஆக இருந்தால் இன்னும் சுலபம், நாலு டிபிக்கு மேல் வரும் பிழைக்குப் பாரிட்டி டிஸ்க்கோ அது போகும் பாதையோதான் காரணம்.

இதைத் திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். பிழைகள் எல்லாமே 4 டிபிக்குள் நின்றுவிட்டு அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை என்றால் சின்ன டிஸ்க்குகளில் ஒன்றின் மேல் சந்தேகம் கூடும். இரண்டு பாரிட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒரு செக்டரில் இரண்டில் ஒரு பாரிட்டி மட்டும் இடித்தால் அந்தப் பாரிட்டி டிஸ்க்கின் பக்கம்தான் தப்பு இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டும் ஒரே இடத்தில் இடித்தால் டேட்டா டிஸ்க் பக்கம் பாருங்கள்.

எனக்கு லாக்கில் இருந்த எண்கள் ஒரே இடத்தில் இல்லாமல் சிதறிக் கிடந்தன, எந்த டிஸ்க்குக்கும் சொந்தமில்லாத மாதிரி. அதுவே பதில் சொல்லிவிட்டது: எல்லா டிஸ்க்குக்கும் பொதுவான ஒன்று.

ரேம்

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். குறைந்தது நாலு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம், "ஒண்ணுதானே" என்ற பேச்சே இல்லை. ஆனால் பிழை வரவில்லை என்றால் ரேம் நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. மெம்டெஸ்ட் பிழை காட்டினால் அது உறுதி, காட்டாவிட்டால் சந்தேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு ரேமை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். கேம் ஆடும் பெட்டிக்கு அது சரி, பேக்கப் பெட்டிக்கு அந்த வேகத்தால் ஒரு லாபமும் இல்லை. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு டிக் இல்லாத செக் ஓட்டுங்கள், பிறகு அடுத்ததை வைத்து ஓட்டுங்கள். மெம்டெஸ்ட் கண்டுபிடிக்காததை இது சில நேரம் கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் இதில் டிஸ்க்குகள் எல்லாம் ஒன்றாக ஓடிப் பெட்டி முழு பாரத்தில் இருக்கிறது.

என் குற்றவாளி இங்கேதான் இருந்தான். போட்டோக்களில் முகம் கண்டுபிடிக்கும் ஒரு செயலியைப் போடுவதற்காக, மார்ச்சில் பழைய 8 ஜிபி ரேம் ஒன்றை வாங்கிச் சொருகினேன். ஏப்ரல் செக்கில் பிழை வந்தது. எதை எப்போது மாற்றினோம் என்று ஒரு பேப்பரில் எழுதி வைத்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். மெம்டெஸ்ட் முதல் சுற்றில் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது சுற்றில்தான் சிவப்புக் காட்டியது.

கேபிளும் பவரும்

என் மச்சான் பெட்டியில் நடந்தது வேறு. போன் செய்து, "டிஸ்க் போச்சுடா மச்சான், புதுசு ஆர்டர் போட்டுட்டேன்" என்றான். ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ன காட்டுகிறது என்று கேட்டேன். "மூணு டிஸ்க்லயும் ஏறியிருக்கு."

"மூணு டிஸ்க்கும் ஒரே வாரத்துல எப்படிடா சாகும்? பவர் வயரைப் பாரு."

ஸ்மார்ட் பட்டியலில் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், நாலைந்து எண் போதும். 5 என்பது டிஸ்க் கைவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் முடிவெடுக்காமல் நிற்பவை, 198 என்பதும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான், 187 என்றால் சரிசெய்ய முடியவில்லை என்று டிஸ்க்கே சொன்ன பிழைகள். இவை பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கே கிழடாகிவிட்டது. 199 மட்டும் தனி ஜாதி. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் கேபிளில் போகும்போது சிதைந்த தகவலின் எண்ணிக்கை. சிதைந்தது தெரிந்தால் மறுபடி அனுப்பச் சொல்லும் என்பதால் 199 ஏறியதாலேயே டேட்டா கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்தப் பாதையை நம்ப முடியாது. அந்த எண் ஒருபோதும் இறங்காது. கேபிளை மாற்றிவிட்டுப் பழையபடி 37 என்றே நின்றால் சரி, 38 ஆனால் இன்னும் சரியாகவில்லை.

டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்களை அழகாகக் கட்டு கட்டி டேக் போட்டு இறுக்கியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். நெருக்கிக் கட்டினால் ஒன்றின் சமிக்ஞை இன்னொன்றில் பாயும். பார்க்க அசிங்கமாகத் தொங்கினாலும் பரவாயில்லை. பூட்டு உள்ள கேபிளாக வாங்குங்கள், டிஸ்க் அதிர்வில் நழுவாமல் இருக்கும்.

பவர் கணக்கும் போட்டுப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழல ஆரம்பிக்கும் நொடியில் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர், ஆக மொத்தம் நாலரை. அதிலிருந்து நாலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் எழுந்தால் 8 ஆம்பியர். பாரிட்டி செக் ஆரம்பிக்கும்போது எல்லா டிஸ்க்கும் ஒன்றாகத்தான் எழும்! மச்சான் வீட்டில் அந்த ஸ்ப்ளிட்டரின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பாகியிருந்தது. பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் வேறு வேறு வயரில் இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டான், அதோடு நின்றது. ஆர்டர் போட்ட டிஸ்க் வந்து சேர்ந்தது, அது இப்போது வெளி பேக்கப்பாக இருக்கிறது, நல்லதுதான்.

சூட்டையும் பாருங்கள். எல்லா டிஸ்க்கும் மணிக்கணக்கில் ஓடும் வேலை இது. மே மாதத்தில் மூடிய அலமாரிக்குள் பெட்டியை வைத்துவிட்டு 45 டிகிரி எச்சரிக்கை ஏன் வருகிறது என்று கேட்கக் கூடாது. டிஸ்க்குகளுக்கு முன்னால் ஒரு ஃபேன் வையுங்கள், முடிந்தால் செக்கை சூடு குறைந்த ராத்திரியில் ஓட விடுங்கள், இல்லாவிட்டால் கோடையில் மாதாமாதம் என்பதை மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகப்படும் டிஸ்க்குக்கு நீண்ட ஸ்மார்ட் சோதனை கொடுப்பது நல்லது. அதற்கு முன் அந்த டிஸ்க் தூங்கப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் தூங்கிச் சோதனை அறுந்துபோகும்.

பின்கதவு வழியாக எழுதியது

செக்டர் எண்கள் மாறாமல் அப்படியே நிற்கின்றன, கரண்ட் போகவில்லை, பிழை எண்ணிக்கையும் பெரிசு. இப்போது உங்களையே விசாரியுங்கள். ஒரு டேட்டா டிஸ்க்கைக் கழற்றி வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு ஃபைலையும் தொடாவிட்டாலும், மவுன்ட் செய்தாலே (ஃபைல்கள் தெரியும்படி இணைத்தாலே) கொஞ்சம் எழுதிவிடும். எக்ஸ்எஃப்எஸ் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு ஃபைல் சிஸ்டம்) ரிப்பேர் ஓட்டும்போது, பாரிட்டி வழியாகப் போகும் எம்டி சாதனத்துக்குப் பதிலாக நேராக டிஸ்க்கின் எஸ்டி பெயரைக் கொடுத்தீர்களா? டிஸ்க் அமைப்பைப் புதிதாகப் போடும்போது "பாரிட்டி ஏற்கெனவே சரி" என்ற டிக்கை நம்பிக்கையாகப் போட்டீர்களா? இரண்டாவது பாரிட்டி இருக்கும்போது டேட்டா டிஸ்க்குகளின் இடத்தை மாற்றி வைத்தீர்களா? முதல் பாரிட்டிக்கு வரிசை முக்கியமில்லை, வெறும் கூட்டல். இரண்டாவதுக்கு வரிசை கணக்கிலேயே சேர்த்தி.

இவற்றில் எதுவாக இருந்தாலும் டேட்டா சரி, பாரிட்டிதான் பின்தங்கிவிட்டது. நிம்மதியாகத் திருத்தலாம்.

ஃபைல்கள் தப்பித்தனவா?

கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, சரி. அந்தக் கோளாறு இருந்த காலத்தில் எழுதப்பட்ட ஃபைல்கள் என்ன ஆயின? பாரிட்டிக்கு இதற்குப் பதில் தெரியாது. டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்றால் ஸ்க்ரப் (எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுங்கள், எழுதும்போது போட்ட செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) இருக்கும், டிஸ்க்கில் போன பிறகு கெட்டுப்போனதை ஃபைல் பெயரோடு சொல்லிவிடும். (ரேமில் செக்சம் போடுவதற்கு முன்பே கெட்டிருந்தால் அதற்கும் தெரியாது.) எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஃபைலின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் கிடையாது. முன்பே ஹாஷ் பட்டியல் (ஒவ்வொரு ஃபைலுக்கும் இதே மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்திருந்தால் அதை வைத்து ஒப்பிடலாம், இல்லையென்றால் வெளியே உள்ள பேக்கப்போடு ஒப்பிட வேண்டும்.

எந்த டிஸ்க்கின் பாதையில் பொய் வருகிறது என்று கண்டுபிடிக்கவும் ஹாஷ் உதவும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு பெரிய வீடியோ ஃபைலை எடுத்து எம்டி5 என்ற வகை ஹாஷை மூன்று தடவை போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று மாறினாலும் அந்தப் பாதையில் கோளாறு. ஃபைல் உங்கள் ரேமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது தடவை டிஸ்க்கிலிருந்து படிக்காமல் ரேமில் இருப்பதையே காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

நான் மார்ச்சுக்குப் பிறகு பெட்டியில் ஏறிய எல்லாப் படங்களையும் போன்களில் இருந்த மூலத்தோடு ஒப்பிட்டேன். ஒன்பது ஃபைல் வேறுபட்டது. அவற்றைப் போனிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டுக்கு ஒப்பிட மூலமே இல்லை, அம்மா போனில் ஏற்கெனவே அழித்தாயிற்று, அதில் ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

இப்போது திருத்துங்கள்

காரணத்தைக் கண்டுபிடித்து மாற்றியாயிற்று, டிக் இல்லாமல் இரண்டு தடவை ஓட்டியதில் அதே எண்கள் மாறாமல் வருகின்றன. இப்போது டிக்கைப் போட்டு ஒரு செக். அது முடிந்ததும் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு செக், அதில் பூஜ்யம் வர வேண்டும். ஒன்று வந்தாலும் மறுபடி ரேம் பகுதிக்குத் திரும்புங்கள். பூஜ்யம் வந்த பிறகு பேக்கப் வேலைகளைத் திறந்துவிடுங்கள், ஷெட்யூலரில் மாதாந்திரச் செக்குக்குத் திருத்தம் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம் வைத்திருப்பவர்களுக்கு இதே விஷயம் 'செக்', 'ரிப்பேர்' என்று இரண்டு கட்டளையாக இருக்கிறது, ரிப்பேர்தான் அங்கே நம் டிக். ரெய்டு 1 அல்லது 10-இல் ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) இருந்தால் அங்கே சில முரண்கள் தீங்கில்லாமலும் வரும். ஸ்னாப்ரெய்டு (இதுவும் பாரிட்டி வைக்கும் ஒரு மென்பொருள்) ஆட்கள் அதிர்ஷ்டசாலிகள், ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் இருப்பதால் எந்த ஃபைல் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் ஸ்க்ரப் கட்டளையைச் சும்மா கொடுத்தால் ஒரு தடவைக்கு எட்டு சதவீதம்தான் பார்க்கும், பெட்டி முழுக்கப் பார்த்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு மே கடைசியில் பூஜ்யம் வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பேப்பர் ஒட்டி, ஒவ்வொரு டிஸ்க்கின் 5, 197, 199 எண்களையும், எந்தத் தேதியில் எதைச் சொருகினேன் என்பதையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ரேமின் மேல் மார்க்கரில் பெரிசாக ஒரு பெருக்கல் குறி போட்டு மேசை டிராயரில் கிடக்கிறது, தெரியாமல் யாருக்காவது கொடுத்துவிடக் கூடாது இல்லையா.